பதினெட்டு வளைவுக்கு எந்த டர்போ

எனக்கு நெகட்டிவ் இரத்தம், என் கணவருக்குப் பொசிட்டிவ். இதை ஒரு டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்துவதற்கு முன்பே நாங்கள் இரண்டு பிள்ளைகளை இழந்துவிட்டோம். முதலாவது குறையிலேயே கலைந்துபோனது. இரண்டாவது ஆண் பிள்ளை. பிறக்கும்போதே மஞ்சள் பூசிவிட்டதுபோல இருந்தான். பெயர் வைக்குமுன்பே மௌத்தாகிவிட்டான். கண்ணூறு என்றார்கள். ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். என் உம்மா கையில் நூல் கட்டிவிட்டா. மூன்றாவது தடவை நான் உண்டானபோது, தெரிந்த ஒருவர் சொல்லித்தான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தமிழ் கதைக்கத் தெரிந்த டொக்டர் ஒருவர் அங்கே இருந்தார். என்னுடைய இரத்தம் வயிற்றுப் பிள்ளையின் இரத்தத்தை அழித்துவிடுகிறது என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கூடிக்கொண்டே போகும். இந்தப் பிள்ளை கண்டியில்தான் பிறக்க வேண்டும், பிறந்த கையோடு அதன் இரத்தத்தை எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னும் இடைக்கிடை போய், வயிற்றுக்குள்ளிருந்து ஊசியால் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. இன்றைக்கு ஓடும் பஸ் நாளைக்கு ஓடாது. கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை தாண்டிக் கண்டிக்குப் போகக் கேட்டால் ஹயர் கார்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார், "ராத்தா, உங்களக் கூட்டிட்டுப் போயிருவன். திரும்பி வாறதுக்கு எனக்கு ஆர் பொறுப்பு?"

என் கணவருக்குப் பிரதான வீதியில் ஒரு கராஜ் இருந்தது. உழவு இயந்திரம், அரிசி ஆலை இஞ்சின், லொறி என்று எல்லாம் டீசல் வேலை. கராஜின் பின்பக்கத்தில், கிடுகுக் கொட்டிலுக்குள், படங்கு போட்டு மூடிய ஒரு வெள்ளை ஜப்பான் கார் நெடுநாளாகக் கிடந்தது. கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரர் கொழும்பில் வாங்கிவந்தது. வந்த சில மாதங்களிலேயே படுத்துவிட்டது. அதில் இருந்தது றோட்டரி இஞ்சின். எந்த மெக்கானிக்கும் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் அந்த மனிசன், "ஓட வெச்சா நீயே வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கண்டியிலிருந்து திரும்பிய அன்று பின்னேரமே என் கணவர் அந்தப் படங்கை இழுத்துப் போட்டார்.

நான் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். இஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மாதங்களில் நான் லீவில் நின்றேன். வீட்டுக்குள் இருந்தால் அழுகை வரும். அதனால் கராஜில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வேலை செய்துகொண்டே எனக்குச் சொல்லுவார். இந்த இஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முட்டை மாதிரியான அறைக்குள் ஒரு முக்கோண இரும்பு சுற்றும். அதன் மூன்று மூலைகளிலும் நகம்போல மெல்லிய இரும்புப் பட்டி இருக்கும்.

"இந்தப் பட்டி உடைஞ்சா இஞ்சின் முடிஞ்சி. இலங்கையில இதுக்குச் சாமான் இல்ல" என்றார்.

காருக்குக் கெட்டுப்போயிருந்தது டர்போ. இஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். அந்தத் தண்டு இறுகிப்போய், சக்கரத்தின் இதழ்கள் முறிந்து கிடந்தன. காரோடு வந்த புத்தகம் முழுதும் ஜப்பான் எழுத்து. படங்களை மட்டும் பார்த்தோம்.

முதலில் டர்போவைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். சமதரையில் ஓடியது. அம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஏற்றத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டதுபோல நின்றது. இஞ்சின் பழையது, மூலைப் பட்டிகள் தேய்ந்திருந்தன, கியரும் தானாக மாறும் கியர். இப்படியே பதினெட்டு வளைவில் ஏற முடியாது. மஹியங்கனையைத் தாண்டியதும் மலை தொடங்கும். கொண்டைஊசி மாதிரி வளைவுக்கு மேல் வளைவு. கண்டிக்குப் போக எங்களுக்கு அந்த வழிதான்.

அவர் கொழும்புக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடி, இரண்டு டர்போ கொண்டுவந்தார். ஒன்று சின்னது, ஏதோ டீசல் வானில் இருந்து கழற்றியது. மற்றது லொறியில் இருந்தது. சின்னது ஒரு கையில் அடங்கும். பெரியதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இந்தக் காருக்கு உரியது எங்கும் கிடைக்கவில்லை.

காரைதீவில் கடைசல் பட்டறை வைத்திருந்த தமிழர் ஒருவர் அவருக்குக் கூட்டாளி. என் கணவரின் வேலைக்கு வேண்டிய இரும்பையெல்லாம் கடைந்து கொடுப்பவர். இருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சைக்கிளில் வந்து, இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்தார்.

"மலைக்கு எண்டா இஞ்சின் மெதுவாச் சுத்தக்குள்ளயே இழுவை வேணும்" என்றார் என் கணவர். "வளைவில மெதுவாத்தானே போறம். சின்னச் சக்கரம் எண்டா கொஞ்சப் புகையிலயே சுத்தும். பெரிசு சுத்தத் தொடங்கக்குள்ள நாம வளைவிலயே நிண்டிருவம்."

"சரிதான் மச்சான். ஆனா இந்த வாயப் பாருங்க. இஞ்சின்ட புகை வாய் இவ்வளவு பெரிசு. சின்னதுட வாய் இவ்வளவுதான். போற புகை எங்க போகும்?"

"டீசல் இஞ்சினுக்கு இதாலதானே போகுது."

"இது டீசல் இல்லையே. எனக்கும் தெரியா, கேக்கிறன்."

தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதுதான் எங்கள் நிலைமை. கேட்டுப் பார்க்க கல்முனையிலும் ஆளில்லை, மட்டக்களப்பிலும் ஆளில்லை. என் கணவர் சின்னதைப் பொருத்தினார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். அவர் சொன்ன நியாயத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது கார் பாய்ந்தது. சந்தோசத்தில் அவர் என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போய்வந்தார். இரண்டாவது பரிசோதனைக்கு அந்தக் காரில்தான் புறப்பட்டோம். எனக்கு ஆறு மாதம்.

மஹியங்கனை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வளைவுகள் தொடங்கியபோதும் கார் உடனுக்குடன் இழுத்தது. "பாத்தியா புள்ள?" என்றார். பாதி மலை ஏறியிருப்போம். இரும்புச் சட்டியில் கச்சான் கடலை வறுப்பதுபோல ஒரு சத்தம் முன்னாலிருந்து வந்தது. அவர் சட்டென்று காலைத் தூக்கினார். அவருடைய முகம் மாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

காரை ஓரம் கட்டிப் பொனட்டைத் திறந்தார். பகல் வெளிச்சத்திலும் புகைக் குழாய் செக்கச்செவேல் என்று தெரிந்தது. அந்தச் சின்ன வாய்க்குள்ளால் புகை வெளியே போக முடியாமல், சூடு முழுவதும் இஞ்சினுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. சூடு கூடியதும் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அமத்தியிருந்தால் மூலைப் பட்டி உடைந்திருக்கும் என்றார்.

நான் வீதியோரச் சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன். கீழே, நாங்கள் வந்த வெளி முழுக்கப் பனிப்புகார். அந்தக் கட்டின்மேல் இருந்துகொண்டு நான் அழவில்லை. அழுதால் வயிறு இறுகும் என்று பயந்தேன். கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு வளைவு ஏறி, மறுபடி ஆறவிட்டு, அப்படியே போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கிளினிக் மூடிவிட்டது. பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் இரக்கப்பட்டு, தன் வீட்டுப் பெண்களோடு எனக்குத் தங்க இடம் தந்தார்.

மறுநாள் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் முடிவைப் பார்த்துவிட்டு என்னுடைய கிளினிக் அட்டையில் எழுதினார். பிறகு, "எட்டாம் மாதம் தொடங்கினதும் வந்து நில்லுங்க. அதுக்கு முன்ன பிள்ளையின் அசைவு குறைஞ்சா ஒரு நாளும் பிந்த வேண்டாம்" என்றார். இப்போதே நிற்கட்டுமா என்று கேட்டேன். வார்ட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். கண்டியில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் கடைசல்காரர் வந்து சின்னதைக் கழற்றிப் பார்த்தார். மிஞ்சிய புகை டர்போவுக்குள் போகாமல் வெளியேறுவதற்கு அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. அந்தத் துவாரத்தைப் பெரிதாக்கினால் சூடு குறையலாம் என்றார். பெரிய டர்போவையும் விடக்கூடாது, அதைக் காரில் பொருத்த ஒரு தடித்த தகடு கடைய வேண்டும் என்றார். இரண்டு டர்போவையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஊர் குழம்பிவிட்டது. தமிழர் பக்கம் ஒரு கதை, முஸ்லிம்கள் பக்கம் ஒரு கதை. எங்கோ யாரையோ வெட்டினார்கள், எங்கோ வீடுகள் எரிந்தன. கல்முனையையும் காரைதீவையும் பிரிப்பது கொஞ்சத் தூரம்தான். அந்தத் தூரத்தைத் தாண்ட இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. ஊரடங்கு போட்டார்கள். கார் புகைவழி திறந்தபடி கொட்டிலுக்குள் நின்றது. இரண்டு டர்போவும் காரைதீவில்.

நான் ஒவ்வொரு நாளும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் ஒரு தட்டு, பகலில் ஒரு தட்டு. உம்மா சோற்றைக் குழைத்துத் தருவா, எனக்கு இறங்காது. எட்டாம் மாதம் தொடங்கவில்லை. ஒரு நாள் காலையில் அசைவு இல்லை. பகலிலும் இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மெல்லிய ஓர் உருளல் தெரிந்தது. அவ்வளவுதான். நான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் எப்படியாவது காரைதீவுக்குப் போய் டர்போவ எடுத்திட்டு வாறன்" என்றார்.

"உங்களையும் வெட்டிப் போட்டா நான் என்ன செய்ற?"

"இஞ்ச இருந்து நான் என்ன செய்ற, அதச் சொல்லு."

மாவடிப்பள்ளியில் வயல் செய்யும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். மாவடிப்பள்ளி வயலும் காரைதீவு வயலும் வரப்போடு வரப்பாகத் தொட்டுக்கொண்டிருப்பவை. இரண்டு பக்கத்து விவசாயிகளும் வாய்க்கால் தண்ணீருக்காக எப்படியோ கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் மூலம் கடைசல்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலையில் ஊரடங்கு எடுத்த நேரத்தில் என் கணவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயற்காரனைப்போலப் போனார்.

வாய்க்கால் கதவடியில் கடைசல்காரர் உரப்பையோடு நின்றாராம். இரண்டு பேரும் பயிருக்குள் குந்திக்கொண்டு கதைத்தார்களாம். அவர் சொன்னதை என் கணவர் அப்படியே வந்து சொன்னார்.

"மச்சான், சின்னதுட துவாரத்தப் பெருசாக்கியிருக்கன். பெரிசுக்குத் தகடும் கடைஞ்சிட்டன். எது சரி எண்டு கேட்டிராதீங்க. தெரிஞ்சா சொல்லியிருப்பன்."

"நீங்க வந்தது உங்கட பக்கத்து ஆக்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா பாப்பம். தங்கச்சிய முதல்ல கொண்டு போங்க."

முழங்கால் வரைக்கும் சேற்றோடு என் கணவர் வந்து உரப்பையைக் கராஜ் தரையில் கவிழ்த்தார். சின்னது ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம். மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்க நேரம் இல்லை. மறுபடி ஊரடங்கு தொடங்கினால் வீதியில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. ஒன்றைப் போட்டுக்கொண்டு விடியப் புறப்பட வேண்டும்.

அவர் ஒன்றைக் கையில் எடுப்பார், வைப்பார், மற்றதை எடுப்பார். வேலையில் அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"சின்னது இழுக்கும். திரும்பவும் சூடேறினா நடு மலையில இஞ்சின் போயிரும். பெரிசு சூடேறாது. ஆனா காத்து வருமா வராதா எண்டு தெரியா. நீ சொல்லு புள்ள."

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க?"

"எனக்கு மூளை வேலை செய்யுதில்ல."

மலையில் அந்த வீதியோரக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவு வந்தது. "மெதுவாப் போனாலும் பரவாயில்ல. உடையாத சாமானப் போடுங்க" என்றேன்.

அவர் பெரியதைப் பொருத்தினார். உம்மா விளக்குப் பிடித்தா. சுபஹ் தொழுதுவிட்டு, ஊரடங்கு எடுத்ததும் காரைதீவைத் தொடாத வயல் வழியால் புறப்பட்டோம்.

அம்பாறையைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் பொனட்டைத் திறக்கச் சொன்னான். லொறிச் சாமான் ஒன்று காருக்குள் பூட்டியிருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டு, இன்னொருவனைக் கூப்பிட்டான். என் கணவர் தெரிந்த சிங்களத்தில் "டர்போ, டர்போ" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர்களுக்கு விளங்கவில்லை. நான் காரை விட்டு இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். வயது கூடிய சிப்பாய் என்னைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தான்.

சமதரையில் கார் சும்மா ஓடியது. டர்போ ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. மலையடிக்கு வந்தோம். முதலாவது வளைவில் கார் திணறியது. இரண்டாவதில் இன்னும் மெதுவாகியது. மூன்றாவது வளைவின் நடுவில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கப் பார்த்தது. பின்னால் ஒரு மரக்கறி லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது.

"காத்து வரல்ல புள்ள. காத்து வரல்ல" என்றார். ஸ்டியரிங்கில் கையால் அடித்தார். என் வயிற்றில் விடியற்காலையிலிருந்து ஒரு அசைவும் இல்லை. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. கார் பின்னுக்கு உருளப் பார்த்தது. பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணை மூடினார்.

பிறகு தனக்குள்ளேயே சொல்வதுபோல, "நான் டீசல் ஓட்டுற மாதிரி ஓட்டுறன்" என்றார். கியர்த் தடியை இழுத்து, ஆகக் கீழ்க் கியரில் போட்டார். காலை முழுதாக அமத்தினார்.

டீசல் இஞ்சினை அப்படி அமத்தினால் அது கத்திக் கத்திச் செத்துப்போகும். வாழ்நாள் முழுக்க அவர் கையும் காலும் பழகியது அதற்கு ஏற்ப மெதுவாக ஓட்டத்தான். இந்த இஞ்சின் கத்தக் கத்த லேசாகியது. சத்தம் மேலே மேலே போனது. நான் காதைப் பொத்தினேன். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து விசில்போல ஒரு கூர்மையான ஒலி வந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோலக் கார் வளைவைத் தாண்டியது.

அவர் காலைத் தூக்கவில்லை. தலையைச் சாய்த்து, கச்சான் வறுக்கும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது வரவில்லை. அந்தக் கீழ்க் கியரிலேயே, விசில் அடங்க விடாமல், ஒவ்வொரு வளைவாகச் சுற்றி ஏறினோம். பெற்றோல் மணத்தில் எனக்கு வாந்தி வந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். அவர் நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், போங்க என்று கத்தினேன். உச்சிக்கு வந்து ஒரு நிமிடம் நிறுத்தியபோது அவர் ஓடிப்போய் பொனட்டைத் திறந்து பார்த்தார். குழாய் சூடாகத்தான் இருந்தது, ஆனால் சிவக்கவில்லை. அந்த இஞ்சினின் புகைக்கு அவ்வளவு பெரிய வாய்தான் தேவைப்பட்டிருக்கிறது. ஓட்டும் விதம்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் போட்டதும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். கேட்டவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அன்று பின்னேரமே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழவில்லை என்று பிறகு சொன்னார்கள், முனகினாளாம். என்னிடம் காட்டாமலே கொண்டுபோய் இரத்தம் மாற்றினார்கள். ஒரு தடவை போதவில்லை, மறுபடியும் மாற்றினார்கள். நான் பார்க்கும்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கண்ணைத் துணியால் கட்டி, வெளிச்சத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். மகனைப்போலவே மஞ்சள். நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டேன். இவளும் போகப் போகிறாள், முகத்தைப் பார்த்துப் பழகக்கூடாது என்று நினைத்தேன். என் கணவர்தான் போய் நிற்பார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நிற்பார்.

ஒரு நாள் அவர் வந்து, "உள்ளங்காலில மஞ்சள் போய் வெளுத்திருக்கு, வந்து பாரு" என்றார். நான் நம்பவில்லை. பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வெளுத்துத்தான் இருந்தது.

கார் அதற்குப் பிறகு எங்களைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சில மாதங்களில், அம்பாறைக்குப் போகும் வழியில், ஒரு மூலைப் பட்டி உடைந்து இஞ்சின் போனது. பழைய பட்டி, தேய்ந்த இரும்பு. அவர் காரை வீதியோரம் தள்ளிவிட்டுப் பஸ்ஸில் வந்தார். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஊர் கொஞ்சம் அமைதியானதும் கடைசல்காரர் பெண்சாதியோடு வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த குழப்பத்தில் அவருடைய பட்டறை எரிந்தது. குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார். ஒரு தடவை தேடிப் போனோம், சந்திக்கக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. டொக்டர் வேண்டாம் என்றார், எனக்கும் தெம்பிருக்கவில்லை. மகள் நடக்கத் தொடங்கிய காலத்தில்தான், இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்பதைக் கண்டோம். அந்த மஞ்சள் அவளுடைய ஒரு காதை எடுத்துவிட்டது. பாடசாலைக்குச் சேர்த்த அன்று அவளுடைய டீச்சரிடம் போய், பிள்ளையை வகுப்பின் இடது ஓரத்து வாங்குப் பலகையில் இருத்துங்கள், அப்போதுதான் நீங்கள் சொல்வது வலது காதில் விழும் என்று சொல்லிவிட்டு, என் வகுப்புக்குப் போனேன்.